தோற்றவர் கேட்ட 11,780 வாக்குகள்

தேர்தலில் தோற்றவர் புலம்புவது உலகம் அறிந்த செய்தி. புலம்புவது குற்றமாகாது. மறு எண்ணிக்கை கேட்கலாம். நீதிமன்றப் படி ஏறலாம். இவை யாவும் வேட்பாளரின் உரிமைகள். ஆனால் தட்டிய கதவுகள் அனைத்திலும் ‘உங்கள் புகாருக்குச் சான்றில்லை’ என்ற பதிலே கிடைத்த பிறகும், முடிவை எப்படியாவது புரட்டிவிட வேண்டும் என்று ஒருவர் முனைந்தால் அதனை யார் விசாரிப்பது? எப்படி விசாரிப்பது? எப்போது விசாரிப்பது? 2020-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பின் நிகழ்ந்தவற்றையும் அவை குறித்த விசாரணைகளையும் ஓராண்டாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். இம்மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது என்பது என் கருத்து.

நம் மாணவர்களிடையே இப்பேச்சு எழும்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது. “அவர்தான் மறுபடியும் அதிபராகிவிட்டாரே, இனி என்ன விசாரணை? எல்லாம் வெட்டி வேலை” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். இன்னும் சிலர், “அமெரிக்காவில் நடந்தால் நமக்கென்ன?” என்பார்கள். இரண்டாமவருக்குப் பின்னர் பதில் சொல்கிறேன். முதலாமவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதை மறுப்பதற்கில்லை. அந்தப் பாதி உண்மை எப்படி உண்டானது என்பதுதான் ஆராய வேண்டியது. நான் சட்டம் பயிலும் மாணவி அல்லேன், கணக்கியல் படிப்பவள். ஆகவே யார் கையெழுத்திட்டார், எந்தத் தேதியில், எந்தத் தாளில் என்பதைத்தான் என் கண் முதலில் தேடுகிறது.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2020 நவம்பர் 3-ஆம் நாள் தேர்தல் நடந்தது. அமெரிக்காவில் மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்திற்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ‘எலெக்டர்’ எனப்படுவோர் உண்டு. (இடைநிலைப்பள்ளியில் இவற்றையெல்லாம் மலாயில் படித்தவள் நான். தமிழில் எழுத உட்கார்ந்தபோது சொல்லுக்குத் தடுமாற வேண்டியிருந்தது. இனி ‘தேர்வாளர்’ என்றே குறிப்பிடுகிறேன்.) மொத்தம் 538 தேர்வாளர்கள். மாநிலத்தில் வென்றவரின் தேர்வாளர்கள் டிசம்பர் மாதத்தில் கூடி வாக்களித்து, அதற்கான சான்றிதழைத் தலைநகருக்கு அனுப்புவார்கள். ஜனவரி 6-ஆம் நாள் காங்கிரசின் இரு அவைகளும் ஒன்றுகூடி அவற்றைப் பிரித்து எண்ணும். துணை அதிபர் தலைமை வகிப்பார். அந்தத் தேர்தலில் ஜோ பைடன் 306 தேர்வாளர் வாக்குகளும் டொனால்டு டிரம்ப் 232 வாக்குகளும் பெற்றனர். மக்கள் வாக்குகளில் வேறுபாடு ஏறத்தாழ 7 மில்லியன்.

டிரம்ப் தரப்பினர் அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளைத் தொடுத்தனர். ஏறக்குறைய அனைத்திலும் தோல்வி. தீர்ப்பளித்த நீதிபதிகளில் டிரம்பே நியமித்தவர்களும் இருந்தார்கள். டிசம்பர் 1-ஆம் நாள் அவருடைய சட்டத்துறைத் தலைவரான வில்லியம் பார், முடிவை மாற்றக்கூடிய அளவிலான மோசடி எதனையும் தம் துறை காணவில்லை என்று வெளிப்படையாகவே கூறினார். இதுவரை நடந்தது உரிமைப் போராட்டம்; அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதற்கு அப்பால் நடந்தவைதாம் விசாரணைக்கு உரியவை.

ஜார்ஜியா மாநிலத்தில் டிரம்ப் 11,779 வாக்குகளில் தோற்றிருந்தார். அங்கு வாக்குகள் ஒருமுறைக்கு மும்முறை எண்ணப்பட்டன. அவற்றுள் ஒருமுறை சுமார் ஐந்து மில்லியன் வாக்குச் சீட்டுகள் கையாலேயே எண்ணப்பட்டன. இதற்குப் பிறகு, 2021 ஜனவரி 2-ஆம் நாள், அம்மாநிலத் தேர்தலுக்குப் பொறுப்பான பிராட் ரபென்ஸ்பெர்கரை டிரம்ப் தொலைபேசியில் அழைத்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசினார். தமக்கு 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரும்படி கேட்டார். ஒன்றே ஒன்று கூடுதல்! மோசடி நடந்தது என்று உண்மையாகவே நம்புபவர் “எத்தனை கள்ள வாக்குகள் விழுந்தன, எண்ணிச் சொல்” என்றல்லவா கேட்பார்? தேவையான தொகையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற ரசீதைப் பிறகு தேடுவதற்கு எங்கள் துறையில் ஒரு பெயர் உண்டு. அதனை இங்கு எழுத வேண்டியதில்லை. ரபென்ஸ்பெர்கர் குடியரசுக் கட்சிக்காரர், டிரம்புக்கு வாக்களித்தவர். அவர் மறுத்துவிட்டார். அந்த உரையாடல் பதிவு செய்யப்பட்டிருந்ததால் மறுநாளே உலகம் அதனைக் கேட்டது.

இதைவிட என்னை வியப்பில் ஆழ்த்தியது சான்றிதழ் விவகாரம். 2020 டிசம்பர் 14-ஆம் நாள் மாநிலங்களில் முறையான தேர்வாளர்கள் கூடி வாக்களித்தபோது, டிரம்ப் தோற்ற ஏழு மாநிலங்களில் அவருடைய கட்சியினரும் தனியாகக் கூடி, தாங்களே தேர்வாளர்கள் என்று கையெழுத்திட்டுச் சான்றிதழ்களை அனுப்பினார்கள். மிச்சிகன் மாநிலச் சான்றிதழில், தாங்கள் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் கூடியதாக எழுதியிருந்தார்கள். உண்மையில் அவர்கள் கூடியது கட்சித் தலைமையகத்தின் கீழ்த்தளத்தில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்ற பழமொழிக்குத் தமிழ்ப்பள்ளியில் எத்தனையோ முறை வாக்கியம் அமைத்திருக்கிறேன். இவ்வளவு பொருத்தமான சூழல் அப்போது கிடைக்கவில்லை.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஏழு மாநிலங்களில் பென்சில்வேனியாவும் நியூ மெக்சிகோவும் அனுப்பிய தாள்களில் மட்டும் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டிருந்தது. பின்னாளில் நாங்களே முறையான தேர்வாளர்கள் என்று முடிவானால் மட்டுமே இது செல்லும் என்பது அதன் சாரம். மற்ற ஐந்து மாநிலங்களின் தாள்களில் அந்த வாக்கியம் இல்லை. நேர்மையான முன்னேற்பாட்டிற்கும் பொய்ச் சான்றிதழுக்கும் இடையே இருந்த தூரம் ஒரே ஒரு வாக்கியம். கையெழுத்திட்டவர்கள் எல்லாரும் சதிகாரர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். மிச்சிகனில் அவர்கள்மீது 2023-இல் தொடுக்கப்பட்ட வழக்கு 2025 செப்டம்பரில் தள்ளுபடியானது. ஏமாற்றும் நோக்கம் அவர்களுக்கு இருந்ததாக நிறுவப்படவில்லை என்று நீதிபதி கூறினார். “வழக்கறிஞர்கள் சொன்னார்கள், போட்டோம்” என்ற நிலையில்தான் பலர் இருந்திருக்க வேண்டும். தாளை நீட்டியவர் யார் என்பதல்லவா கேள்வி!

இந்தத் தாள்களைக் காரணம் காட்டி, ஜனவரி 6 அன்று உண்மையான சான்றிதழ்களை ஒதுக்கிவிட வேண்டும் அல்லது எண்ணிக்கையைத் தள்ளிப்போட வேண்டும் என்று துணை அதிபர் மைக் பென்ஸ் வற்புறுத்தப்பட்டார். வழக்கறிஞர் ஜான் ஈஸ்ட்மன் அதற்கு வழிகாட்டும் குறிப்புகளை எழுதிக் கொடுத்திருந்தார். தமக்கு அத்தகைய அதிகாரம் இல்லை என்று பென்ஸ் கடிதம் எழுதி வெளியிட்டார். அன்றைய நாள் நடந்த கலவரத்தை நாம் அனைவரும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். 140-க்கும் மேற்பட்ட காவலர்கள் காயமடைந்தார்கள். இரவு மீண்டும் கூடிய காங்கிரஸ், விடியற்காலை மூன்று மணிக்கு மேல் எண்ணி முடித்தது. கண்ணாடி உடைந்த காட்சி எல்லாருக்கும் நினைவிருக்கிறது. கையெழுத்திட்ட தாள்கள் யாருக்கும் நினைவில்லை. விசாரணை என்ற ஒன்று இல்லையென்றால் அத்தாள்கள் ஏதோ ஓர் அலமாரியில் தூங்கியிருக்கும்.

இனி விசாரணைக்கு வருவோம். 2021 பிப்ரவரி 13-ஆம் நாள் செனட்டில் 57 பேர் டிரம்ப் குற்றவாளி என்றும் 43 பேர் இல்லை என்றும் வாக்களித்தனர். தேவைப்பட்டது 67. பிறகு இரு கட்சிகளும் சமமாக இடம்பெறும் சுதந்திர ஆணையம் அமைக்க மக்களவை ஒப்புக்கொண்டது. செனட்டில் அது மே மாத இறுதியில் விழுந்தது. கடைசியில், 2021 ஜூன் 30-இல் மக்களவை தானே ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது. ஒன்பது உறுப்பினர்கள். ஏழு பேர் ஜனநாயகக் கட்சியினர். லிஸ் செனி, ஆடம் கின்சிங்கர் ஆகிய இருவர் மட்டுமே குடியரசுக் கட்சியினர். சம்பவம் நடந்து ஏறக்குறைய ஆறு மாதம் ‘விசாரிக்கலாமா வேண்டாமா’ என்பதிலேயே கரைந்துவிட்டது.

குழு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் வாக்குமூலம் வாங்கியது. வர மறுத்த ஸ்டீவ் பேனன், பீட்டர் நவாரோ ஆகிய இருவரும் 2024-இல் தலா நான்கு மாதம் சிறையில் இருந்தார்கள். 2022 டிசம்பர் 22-இல் 845 பக்க அறிக்கை வெளிவந்தது. அறிக்கையை விட, சாட்சிகள் யார் என்பதுதான் இவ்விசாரணையின் முதுகெலும்பு. எதிர்க்கட்சியினரை வைத்து ஒருவரைக் குறை சொல்வது எளிது. இங்கே சாட்சி சொன்னவர்களில் பெரும்பாலோர் டிரம்ப் வெல்ல வேண்டும் என்று விரும்பியவர்கள். பார் சொன்னார். ரபென்ஸ்பெர்கர் சொன்னார். அரிசோனா மாநில அவைத் தலைவர் ரஸ்டி பவர்ஸ், தம் கட்சி அதிபருக்காகப் பிரசாரம் செய்தவர், சான்று கேட்டும் தமக்கு எதுவும் தரப்படவில்லை என்று சொன்னார். சில வாரங்களில் கட்சியின் உட்தேர்தலில் தோற்றார். செனியும் அதே ஆகஸ்டு மாதம் தம் தொகுதியின் உட்தேர்தலில் தோற்றார். வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரியின் உதவியாளராக இருந்த காசிடி ஹட்சின்சன் சாட்சி சொன்னபோது அவருக்கு வயது 25. நம்மைவிட மூன்று நான்கு வயது மூத்தவர்! முதல் வேலை, முதல் முதலாளி, அவருக்கு எதிராக நாடே பார்க்கும் தொலைக்காட்சியில் வாய் திறப்பது என்றால் சும்மாவா?

என்றாலும் என் மனத்தைத் தொட்டவர்கள் வேறு இருவர். ஜார்ஜியாவின் ஃபுல்டன் மாவட்டத்தில் வாக்கு எண்ணும் பணியில் இருந்த ஷே மோஸ் என்பவரும் அவருடைய தாயார் ரூபி ஃபிரீமனும். இருவரும் கறுப்பினப் பெண்கள். எண்ணும் கூடத்தில் எடுக்கப்பட்ட காணொளியின் ஒரு துண்டைக் காட்டி, இவர்கள் வாக்குகளைத் திருடினார்கள், பென்டிரைவைக் கை மாற்றினார்கள் என்று டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி ஊரறியச் சொன்னார். தாய் மகளுக்குக் கொடுத்தது இஞ்சி மிட்டாய் என்று மோஸ் குழுவின் முன் கூறினார். ஜார்ஜியா தொலைபேசி உரையாடலில் அந்தத் தாயாரின் பெயரை அதிபரே பலமுறை சொல்லியிருந்தார். மிரட்டல்கள் குவிந்தன. ஃபிரீமன் வீட்டை விட்டு வெளியேறி இரண்டு மாதம் வேறிடங்களில் தங்க வேண்டியதாயிற்று. மோஸ் அந்த வேலையையே விட்டுவிட்டார். 2023 டிசம்பரில் நடுவர் மன்றம் ஜூலியானி அவர்களுக்கு 148 மில்லியன் டாலர் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உலகின் சக்திமிக்க பதவியில் இருப்பவர் ஓர் எண்ணிக்கைப் பணியாளரின் பெயரைச் சொல்லிக் குற்றஞ்சாட்டினால் அந்தப் பணியாளர் எங்கே போய் நிற்பார்? விசாரணைக் குழு என்று ஒன்று இருந்ததால் மோஸுக்கு நாட்காலி ஒன்றும் ஒலிவாங்கி ஒன்றும் கிடைத்தன.

“நமக்கென்ன?” என்று கேட்ட நண்பருக்கு இங்குதான் என் பதில். மலேசியாவில் வாக்குச் சாவடிகளில் பணி செய்பவர்கள் யார்? பெரும்பாலும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும்தாம். இம்மலரைப் படிக்கும் நம்மில் எத்தனை பேர் நாளை ஆசிரியர்கள்? தமிழ்ப்பள்ளி ஆசிரியையான என் அத்தை பல பொதுத் தேர்தல்களில் இப்பணியைச் செய்திருக்கிறார். 2013 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு, எண்ணும்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டது, பெட்டிகள் வந்து சேர்ந்தன என்றெல்லாம் கதைகள் ஊரெங்கும் உலவிய நேரத்தில் அக்கம் பக்கத்தார் அவரைச் சூழ்ந்துகொண்டு துளைத்தெடுத்தார்களாம். “எங்கள் அறையில் மின்விசிறிகூட நிற்கவில்லை” என்று அவர் சொன்னதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. அத்தை இதனைச் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் பெயரை யாரும் மேடையில் சொல்லவில்லை, அதனால் சிரிக்க முடிகிறது. நம் நாட்டில் ஒவ்வோர் அறையின் எண்ணிக்கையும் பாரம் 14-இல் எழுதப்பட்டு, கட்சிகளின் முகவர்களுக்குப் படி கொடுக்கப்படுகிறது. முடிவு தவறு என்று நினைப்பவர் அரசிதழில் அறிவிப்பு வந்த 21 நாட்களுக்குள் தேர்தல் மனு தாக்கல் செய்ய வேண்டும். 21 நாள் கெடு கடுமையானது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது. சந்தேகத்திற்கும் ஒரு கடைசித் தேதி வேண்டும்.

அமெரிக்க விசாரணைக் குழுவை நான் தலைமேல் தூக்கிவைக்கவில்லை. அதில் குறைகள் உண்டு. குடியரசுக் கட்சித் தலைமை முன்மொழிந்த இருவரை மக்களவைத் தலைவர் ஏற்காததால், அக்கட்சி தன் உறுப்பினர்கள் அனைவரையும் மீட்டுக்கொண்டது. ஆகவே சாட்சிகளை எதிர்க்கேள்வி கேட்க ஆளில்லை. தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் முன்னாள் தலைவரை அமர்த்தி அமர்வுகளை நிகழ்ச்சி போலத் தொகுத்தார்கள். 2022 ஜூன் 9-ஆம் நாள் இரவு அமர்வை ஏறத்தாழ 20 மில்லியன் பேர் பார்த்தார்கள் என்பது சாதனைதான். ஆனால் நிகழ்ச்சி போலத் தொகுத்தால், பார்ப்பவர் அதனை நிகழ்ச்சியாகவே எடுத்துக்கொள்வார். ஹட்சின்சன் சொன்னவற்றுள் அதிபர் காரின் ஸ்டீயரிங்கைப் பிடிக்க முயன்றார் என்ற பகுதி அவர் பிறர் சொல்லக் கேட்டது. அதுவே மறுநாள் தலைப்புச் செய்தியானது, அதுவே மறுக்கவும்பட்டது. அவர் நேரில் கண்டு சொன்னவை அந்த ஆரவாரத்தில் பின்னுக்குப் போயின. இலைமறை காயாக இருந்த நல்ல சான்றுகளைக் குழுவே தன் இலைகளால் மறைத்துவிட்டது எனலாம்.

குழுவின் குறைகளைக்கூட மன்னிக்கலாம். அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அது எழுதி வைக்கத்தான் முடியும். தண்டிக்கும் அதிகாரம் பெற்ற நீதித்துறை என்ன செய்தது? கட்டடத்திற்குள் புகுந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து வழக்குத் தொடர்ந்தது. கீழிருந்து மேலே போவது என்பது அதன் வழி. ஏணியின் மேற்படிக்கு வரும்போது 2022 நவம்பர் 18 ஆகிவிட்டது. அன்றுதான் ஜாக் ஸ்மித் சிறப்பு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டார். அதற்கு மூன்று நாள் முன்புதான் டிரம்ப் தாம் மீண்டும் போட்டியிடுவதாக அறிவித்திருந்தார். இந்த வரிசையைப் பாருங்கள்! விசாரணை முன்பே தொடங்கியிருந்தால், ‘வேட்பாளரைப் பழிவாங்குகிறார்கள்’ என்ற பேச்சுக்கு இத்தனை வலு வந்திருக்காது. ஸ்மித் வேகமாகத்தான் வேலை செய்தார். 2023 ஆகஸ்டு 1-இல் நான்கு குற்றச்சாட்டுகள். விசாரணைக்கு 2024 மார்ச் 4 என்று நாள் குறிக்கப்பட்டது. அதற்குள், அதிபராக இருந்தவர் மீது வழக்கே தொடர முடியாது என்ற வாதம் உச்ச நீதிமன்றத்திற்குப் போயிற்று. ஏப்ரல் மாத இறுதியில் வாதம் கேட்டு, ஜூலை 1-ஆம் நாள் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதிபரின் அதிகாரபூர்வச் செயல்களுக்குப் பெரும் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பானது. நவம்பர் 5-இல் டிரம்ப் தேர்தலில் வென்றார். நவம்பர் 25-இல் வழக்கு மூடப்பட்டது. பதவியில் இருக்கும் அதிபர் மீது வழக்கு நடத்துவதில்லை என்பது நீதித்துறையின் கொள்கை. விசாரணை நடந்திருந்தால் தண்டனை பெறப் போதுமான சான்று இருந்தது என்று ஸ்மித் எழுதிய அறிக்கை 2025 ஜனவரி 14-இல் வெளிவந்தது. ஆறு நாள் கழித்துப் பதவியேற்ற அதிபர், ஜனவரி 6 கலவர வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார்.

எங்கள் பாடத்தில் கணக்காய்வு அறிக்கை ஆண்டுக் கூட்டத்திற்கு முன்னரே பங்குதாரர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று படிக்கிறோம். கூட்டம் முடிந்து இயக்குநரைத் தேர்ந்தெடுத்த பிறகு வரும் அறிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தால்தான் என்ன? அமெரிக்க வாக்காளர்கள் 2024-இல் தெரிந்தேதான் வாக்களித்தார்கள் என்று சொல்வோர் உண்டு. குழுவின் அறிக்கை அவர்கள் முன் இருந்தது உண்மைதான். ஆனால் இரு தரப்பு வழக்கறிஞர்களும் நின்று குறுக்கு விசாரணை செய்து, நடுவர் மன்றம் சொன்ன ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற ஒரு சொல் அவர்கள் முன் இல்லை. அது ‘இல்லை’ என்றே வந்திருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தாமதம் தவிர்க்க முடியாதது என்பவர்கள் பிரேசிலைப் பார்க்கட்டும். 2022 அக்டோபர் 30-இல் நடந்த அதிபர் தேர்தலில் லூலா 50.9 விழுக்காடும் பதவியில் இருந்த ஜயிர் போல்சனாரோ 49.1 விழுக்காடும் பெற்றனர். 2023 ஜனவரி 8-இல் அவருடைய ஆதரவாளர்கள் தலைநகர் பிரசிலியாவில் நாடாளுமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் அதிபர் மாளிகையிலும் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அதே ஆண்டு ஜூன் 30-இல், தேர்தல் நீதிமன்றம் அவர் 2030 வரை போட்டியிட முடியாது என்று தடை விதித்தது. வாக்கு இயந்திரங்களைப் பற்றி வெளிநாட்டுத் தூதர்களைக் கூட்டி அவதூறு பரப்பினார் என்பது அதற்குக் காரணம். மத்தியக் காவல்துறை 2024 நவம்பரில் 37 பேர் மீது குற்றஞ்சாட்டி அறிக்கை கொடுத்தது. 2025 செப்டம்பர் 11-இல் உச்ச நீதிமன்றக் குழு நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் போல்சனாரோ குற்றவாளி என்று தீர்ப்பளித்து, 27 ஆண்டு 3 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2025 நவம்பர் 25-இல் அவர் தண்டனையை அனுபவிக்கத் தொடங்கினார். ஸ்மித்தின் வழக்கு மூடப்பட்டதற்குச் சரியாக ஓராண்டு!

அங்கும் சாட்சிகள் ‘உள்வீட்டு’ ஆட்கள்தாம். தேர்தல் முடிவைத் தடுக்கும் ஆணையின் வரைவு தங்களுக்குக் காட்டப்பட்டது என்றும் தாங்கள் உடன்படவில்லை என்றும் அன்றைய தரைப்படைத் தளபதி பிரெய்ரே கோமெசும் ஆகாயப் படைத் தளபதி பாப்திஸ்தா ஜூனியரும் வாக்குமூலம் கொடுத்தார்கள். கடற்படைத் தளபதி மட்டும் உடன்பட்டார் எனத் தண்டிக்கப்பட்டார். 1964 முதல் 1985 வரை இராணுவ ஆட்சியில் இருந்த நாடு அது. தளபதிகள் சரி என்று தலையசைத்திருந்தால் என்னவாகும் என்பதை அந்நாட்டு மக்கள் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. விரைவுக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பிரேசில் வழியை அப்படியே பின்பற்றலாமா என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. வழக்கை நடத்திச் சென்ற நீதிபதி அலெக்சாண்டர் டி மொராயெஸ். சதிகாரர்கள் கொல்லத் திட்டமிட்டவர்களில் ஒருவர் அவரே என்று குற்றப்பத்திரிகை சொல்கிறது. பாதிக்கப்பட்டவராகக் கூறப்படுபவரே நீதிபதி இருக்கையிலும் அமர்ந்தால், தீர்ப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் ஒரு முள் குத்திக்கொண்டே இருக்கும். மாறுபட்ட தீர்ப்பளித்த நீதிபதி லூயிஸ் ஃபுக்ஸ், இவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரம் இந்நீதிமன்றத்திற்கு இல்லை என்றே கூறினார். அவருடைய கருத்தும் பதிவில் இருக்கிறது. விரைவும் வேண்டும், வேறு கையும் வேண்டும் என்பேன் நான். அமெரிக்கா தகுந்த கையைத் தேடி இரண்டு ஆண்டை இழந்தது. பிரேசில் காலத்தைக் காத்தது, கையைப் பற்றிய கேள்வியை விட்டுவைத்தது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினால் நான் பிரேசிலைத்தான் சொல்வேன். தவறான தீர்ப்பை மேல்முறையீட்டில் திருத்த வழியுண்டு; வராத தீர்ப்பை எந்த நீதிமன்றத்தில் திருத்துவது?

அப்படியானால் அமெரிக்க விசாரணை வெட்டி வேலைதானா? ஒரு பலன் கையில் இருக்கிறது. ஜனவரி 6 எண்ணிக்கையை நெறிப்படுத்திய சட்டம் 1887-ஆம் ஆண்டுக்குரியது. அதன் குழப்பமான சொற்களில்தான் ஈஸ்ட்மன் தம் வாதத்தைக் கட்டினார். 2022 டிசம்பர் 29-இல் கையெழுத்தான புதிய சட்டம், துணை அதிபரின் பணி வெறும் சடங்குப் பணியே என்று தெளிவாக எழுதிவிட்டது. முன்பு ஒரு மக்களவை உறுப்பினரும் ஒரு செனட்டரும் சேர்ந்தாலே ஆட்சேபம் எழுப்பலாம். இப்போது ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் வேண்டும்.

2025 ஜனவரி 6-ஆம் நாள் அந்தச் சட்டத்தின்கீழ் முதன்முறையாக எண்ணினார்கள். தலைமை இருக்கையில் கமலா ஹாரிஸ். தேர்தலில் தோற்றவர் அவர்தான். டிரம்புக்கு 312, தமக்கு 226 என்று தம் வாயாலேயே அறிவித்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கட்டடத்தைச் சுற்றி உயரமான வேலி போட்டிருந்தார்கள்.